எல்சியின் வலது கை

காலை ஐந்தரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். நான்கு குடம் பிடிப்பேன். ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பால் காய்ச்சுவேன். காப்பியும் முந்தின நாள் வாங்கிய பன்னும். சவரம், குளியல். ஏழு மணிக்கு என் மாமியார் இருதயம்மாள் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் கோயிலுக்குப் போவார். ஏழேகாலுக்கு வீட்டைப் பூட்டுவேன். கல்மண்டபத்தில் எண்ணூர் பஸ். எட்டரைக்கு லேபில் இருப்பேன். முதல் சாம்பிள் எட்டே முக்காலுக்கு வரும். அமிலத்தின் அளவு பார்த்து நோட்டில் எழுதுவேன்.

எல்சி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவள் இறந்ததைப் பற்றி அவள் அம்மா சொல்வது ஒன்று. எனக்குத் தெரிந்தது ஒன்று. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எல்சி நர்ஸ். ராயபுரத்தில் இருபது படுக்கை உள்ள ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில், லேபர் ரூமில் ஆறு வருஷம் வேலை செய்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். எழுபத்து மூன்று ஜூனில் அவள் இடது கை மோதிர விரலின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. மோதிரம் உரசியிருக்கும் என்று மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். ஆகஸ்டில் இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வெளுத்தன. செப்டம்பரில் வலது புறங்கையில் எட்டணாக் காசு அளவுக்கு ஒன்று வந்தது. பிறகு அது எட்டணாவோடு நிற்கவில்லை.

அக்டோபரில் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தாள். தலைச்சன் பிரசவம். பதினான்கு மணி நேரம் எல்சி கூடவே இருந்தாள். குழந்தை வந்ததும் துடைத்துத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பெண்ணின் அம்மா கையை நீட்டினாள். நீட்டியவள் எல்சியின் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கீழ வையி. வேற யார்னா எடுத்தாரட்டும்."

கீழே வைக்க அங்கே இடம் இல்லை. ஆயா ராஜாத்தி ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். எல்சி இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கீழே வை என்றால் எங்கே வைப்பது, பெஞ்சிலா, பக்கெட்டிலா என்று கேட்டாள். சொல்லி முடித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்க் கை கழுவினாள். சாப்பிடாத கையை வெகுநேரம் கழுவினாள்.

அந்த மாதத்தில் இன்னும் மூன்று பேர் அப்படிக் கேட்டார்கள். ஒருவர் குஷ்டம் என்ற வார்த்தையையே சொல்லிவிட்டார். மேட்ரன் ஃப்ளோரன்ஸ் எல்சியைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாராம். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று தனக்குத் தெரியும், வருகிறவர்களுக்குத் தெரியாது என்றாராம். வைத்தியம் பார்த்துக்கொள், ஈஸ்டர் வரைக்கும் பொறுக்கிறேன், அதுவரை ஊசி அறை, அதற்குள் குறைய ஆரம்பித்தால் திரும்ப லேபர் ரூம், பரவினால் துணி அறை. சம்பளம் குறையாது.

"துணி மடிக்கவா மூணு வருஷம் படிச்சேன்?" என்றாள் எல்சி. மேட்ரனிடம் அல்ல. என்னிடம்.

தோல் டாக்டர் வேதமாணிக்கம் அவள் கைகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாத்திரையும் வெயிலும் மட்டும் போதும் என்று நினைத்துதான் போயிருந்தோம். கைக்கு அது போதாது என்றார். முகத்தில் சீக்கிரம் நிறம் திரும்பும், விரலிலும் புறங்கையிலும் லேசில் திரும்பாது. ஆகவே இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். வெள்ளைத் திட்டுக்குள்ளேயே தோலுக்கடியில் மருந்தை ஊசியால் போடுவது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அது பரவுவதை நிறுத்தும். ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை, மாத்திரை போட்ட இரண்டு மணி நேரம் கழித்துக் கைகளுக்கு மட்டும் வெயில். அது நிறத்தைக் கொண்டுவரும். முதல் நாள் ஐந்து நிமிஷம், அப்புறம் ஒவ்வொரு நிமிஷமாகக் கூட்டணும். கூடினால் கொப்பளிக்கும். அன்று முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். பலன் நிச்சயம் என்று அவர் சொல்லவில்லை. எத்தனை மாதம் என்று நான் கேட்டேன். ஆறு மாதத்துக்குக் குறைந்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ஈஸ்டருக்கு ஐந்தரை மாதம்தான் இருந்தது.

நாங்கள் ராயபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள். மேலே மொட்டைமாடி. ஹார்பர் பக்கம் காற்றடித்தால் நிலக்கரித் தூள் வந்து படியும். எல்சி அதைப் பெருக்கிவிட்டு ஒரு முக்காலி போட்டு உட்காருவாள். தலைமுதல் முழங்கை வரை ஈரத்துண்டு. இரண்டு கைகளும் ஒரு பலகைமேல். நான் எதிரே கடிகாரத்தோடு. வீட்டுக்காரரின் மனைவி ஆலிஸ் துணி காயப்போட வருவாள். முதல் நாள் நின்று பார்த்தாள்.

"இன்னாமே எல்சி, கைய கருவாடு போடறியா?"

"ஆமாக்கா. காஞ்சதும் சொல்றேன், கொழம்பு வெச்சிக்கலாம்."

ஆஸ்பத்திரியில் கறுப்புக் கண்ணாடிக்குக் கேலி. "இன்னா சிஸ்டர், கிளாஸெல்லாம் போட்டுகினு வந்துகீறே, ஷூட்டிங்கா?" என்று ராஜாத்தி கேட்டாளாம். எல்சி கையெழுத்து வேண்டுமானால் இப்போதே வாங்கிக்கொள் என்றாளாம். வீட்டில் அவள் அம்மாவுக்கு வேறு கவலை. வெயிலில் உட்கார்ந்தால் மீதிக் கையும் கறுத்துவிடுமே என்றார். அதற்குத்தானேம்மா உட்காருகிறேன் என்றாள் இவள்.

ஊசிதான் சிரமம். அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் செவ்வாய்க்கிழமை மட்டும் போடுவார்கள். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றால் மதியம் ஒன்றாகும். இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் டூட்டிக்கு நேரமாகிவிட்டது. மூன்றாம் தடவை மருந்தை வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிய குப்பியில் நாலைந்து தடவைக்கான மருந்து இருந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே எல்சி சொன்னாள், இதை நானே போட்டுக்கொள்வேன்.

போட்டுக்கொள்ளவும் தெரியும். தினமும் முப்பது பேருக்கு ஊசி போடுகிறவள். ஆனால் இடது கையில்தான் போட்டுக்கொள்ள முடியும். வலது கைக்கு இன்னொருவர் வேண்டும். கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்கமாட்டாள். கேட்டால் மேட்ரனுக்குப் போகும். வலது கை என் வேலையானது.

ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஊசியின் வாய் மேலே பார்க்க வேண்டும். படுக்கவைத்து நுழைக்க வேண்டும். ஆழம் போனால் தப்பு. சரியாகப் போனால் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு எழும்பும். ஆறு ஆரஞ்சுப் பழம் ஆனது. ஏழாவது அவள் கை. முதல் இரண்டும் ஆழமாகப் போயின. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலித்தது. தோலுக்குள் போடும் ஊசி ரொம்ப வலிக்கும் என்று பிறகுதான் சொன்னாள். மருந்தும் பால்போல வெள்ளை. போட்ட இடம் இன்னும் வெள்ளையாகத் தெரியும்.

அந்த மாதிரி மெல்லிய ஊசியும் சின்ன சிரிஞ்சும் கடையில் எளிதில் கிடைக்காது. பிரசவ ஆஸ்பத்திரியில் இரண்டு செட் இருந்தன. ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வருவாள். மறுநாள் டூட்டிக்குப் போகும்போது திரும்ப வைத்துவிடுவாள். அங்கே யார் யாருக்கோ போட்ட ஊசி. ஆகவே முதலில் கொதிக்க வைக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு இருபது நிமிஷம். கணக்கு அங்கேயிருந்துதான், அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து அல்ல. இதையும் சொல்லிக்கொடுத்தாள். கொதிக்க வைப்பதும் என் வேலை.

மூன்று வாரம் என்று டாக்டர் சொன்னதை அவள் பத்து நாளாக்கினாள். ஈஸ்டருக்குள் எத்தனை முடியுமோ அத்தனை என்றாள். அது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. நர்ஸ் அவள். காலண்டரில் பத்து நாளுக்கு ஒரு வட்டம் போட்டேன்.

எழுபத்து நான்கு ஜனவரி பதின்மூன்று. போகி. ஞாயிற்றுக்கிழமை.

அந்த வருஷம் மண்ணெண்ணெய்க்குப் பெரிய தட்டுப்பாடு. ரேஷன் கடையில் வந்தால் வரிசை, வராவிட்டால் இல்லை. ஏழரை மணிக்கு எல்சி மாத்திரை போட்டுக்கொண்டாள். ஒன்பதரைக்கு வெயில். அதற்குள் ஊசி முடிந்துவிட வேண்டும். இரண்டு மணிக்கு அவளுக்கு டூட்டி, அப்போது சிரிஞ்ச் அங்கே இருக்க வேண்டும். எட்டு மணிக்கு ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். பாத்திரத்தில் ஒரு துணியைப் போட்டு அதன்மேல் சிரிஞ்சின் இரண்டு பாகங்களையும் இரண்டு ஊசிகளையும் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். எட்டு ஏழுக்கு அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. எட்டு ஒன்பதுக்குச் சுடர் மஞ்சளானது. திரி புகைந்தது. அணைந்தது. ஸ்டவ்வைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

கீழே ஆலிஸிடம் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டு வாங்கியிருந்தோம். மூன்றாம் தடவை போனால் காலை எட்டு மணிக்கு அப்படி என்ன சமையல் என்று கேட்பாள். தெருவில் ஏழெட்டு இடத்தில் பழைய பாயும் கூடையும் எரிந்துகொண்டிருந்தன. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அங்கே போகலாமா என்றுகூட நினைத்தேன். போகவில்லை. நாளை மறுநாள் போடலாம் என்றால், அடுத்து சிரிஞ்ச் கிடைக்கிற நாள் எதுவென்று தெரியாது.

"ஆச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

பாத்திரத்துக்குள் விரலை விட்டேன். சுட்டது. விரலை வைத்திருக்க முடிந்தது.

"ஆச்சு" என்றேன்.

நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. பார்க்காத அளவை நோட்டில் ஒருநாளும் எழுதியதில்லை.

எல்சி கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இடுக்கியால் சிரிஞ்சை எடுத்துப் பூட்டி மருந்தை ஏற்றினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காற்றை வெளியேற்றினாள். இடது கையில் எட்டு இடத்தில் தானே போட்டுக்கொண்டாள். சிரிஞ்சை என்னிடம் கொடுத்தாள். வலது கையில் பதினோரு இடத்தில் நான் போட்டேன். அன்று ஒன்றுகூட ஆழமாகப் போகவில்லை. ஒன்பதரைக்கு மாடிக்குப் போனோம். போகிப் புகையில் வெயில் மங்கலாக இருந்தது. ஐந்து நிமிஷம் கூட்டி உட்காரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பொங்கல் லீவு முடிந்ததும் கம்பெனி டாக்டர் அறைக்குப் போனேன். அவர் இல்லாத நேரம். அலமாரியில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. ஊசி வழியாக மஞ்சள் காமாலை வரும் என்று படித்த ஞாபகம். சரிதான். சரியாகக் கொதிக்காத ஊசியில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் இருந்தால்கூடப் போதும். இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வராமலும் போகலாம். பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டுப் புத்தகத்தை வைத்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்துவாள், ஊசியை நிறுத்துவாள், ஆறு மாதம் பயந்துகொண்டு உட்காருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. ஆச்சு என்று சொன்னதைத் திரும்ப எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

போகியிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தேன்.

அடுத்த தடவைகளில் நாற்பது நிமிஷம் கொதிக்க வைத்தேன். கொருக்குப்பேட்டையில் ஒருவனிடம் கள்ள விலைக்கு எண்ணெய் வாங்கினேன். எல்சி சமையலறைக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"இன்னாயா, ஊசிக்கு ரசம் வெக்கிறியா?"

தனியாக இருக்கும்போதுதான் இந்த 'நீ'யும் 'யா'வும். அம்மா எதிரில் நீங்க, வாங்க.

பிப்ரவரி நடுவில் அவள் வலது புறங்கையின் வெள்ளைக்குள் ஒரு பழுப்புப் புள்ளி வந்தது. கடுகைவிடச் சின்னது. மயிர்க்கால் இருந்த இடத்தில். முதலில் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தாள். போகவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். லேபிலிருந்து கண்ணாடி லென்ஸ் ஒன்றை எடுத்து வரச் சொன்னாள். ஒவ்வொரு காலையும் முதல் வேலையாக ஜன்னலில் நின்று லென்ஸ் வைத்து எண்ணுவாள். ஒன்று. மூன்று. மார்ச் முதல் வாரம் வலது கையில் ஏழு, இடது கையில் நான்கு.

அவள் குனிந்து கையைப் பார்க்கும்போது நான் அவள் கண்ணைப் பார்ப்பேன். வெள்ளை விழியை. நேர் வெளிச்சத்தில் நின்றால்தான் தெரியும் என்று புத்தகத்தில் இருந்தது. எல்சி, இப்படித் திரும்பு என்பேன். எத்தனை என்று கேட்பதுபோல் முகத்தருகே போவேன். வெள்ளையாக இருக்கும். வேலைக்குப் போவேன். மதியம் மறுபடியும் சந்தேகம் வரும். காலையில் பார்த்தது மேகமூட்டத்திலா, வெயிலிலா? அவள் சோறு மிச்சம் வைத்தால் பயம். சீக்கிரம் தூங்கினால் பயம். ஒருநாள் மாம்பழம் தின்று விரலெல்லாம் மஞ்சளாக வந்தாள். கையைக் கழுவச் சொல்லி மறுபடியும் பார்த்தேன்.

"இன்னா எப்பப் பாரு மொறச்சிப் பாக்கிறே?" என்று ஒருநாள் கேட்டாள். "புதுப் பொண்ணா நானு?"

புள்ளிகள் கூடிக்கொண்டு வந்தன. மார்ச் கடைசியில் வலது கையில் பத்தொன்பது. சில ஒன்றோடொன்று சேர்ந்து சின்ன மச்சம்போல ஆயின. ஓரமும் பரவாமல் நின்றுவிட்டது. வேதமாணிக்கம் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். கைக்கு இவ்வளவு சீக்கிரம் வந்து அவர் பார்த்ததில்லையாம். எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊசி என்று கேட்டார். எல்சி மூன்று வாரம் என்றாள். ஆக, பொய் சொன்னது நான் மட்டும் இல்லை. அதில் ஒன்றும் ஆறுதல் கிடைக்கவில்லை.

ஏப்ரல் ஏழு, குருத்து ஞாயிறு. எண்பத்து நான்காம் நாள். பூசை முடிந்து எல்லோரும் குருத்தோலையோடு வெளியே வந்தோம். மேட்ரன் ஃப்ளோரன்ஸ் எல்சியைப் பார்த்ததும் கையைக் காட்டச் சொன்னார். கோயில் வாசலிலேயே. எல்சி ஓலையை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். மேட்ரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பதுபோலப் பார்த்தார். விரல் விரலாக.

"ஈஸ்டர் முடிஞ்சி திங்கட்கிழமை லேபர் ரூமுக்கு வந்துடு" என்றார். "கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

வீட்டுக்கு வரும் வழியில் எல்சி ஓலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். படியேறும்போது நடுவில் ஒருமுறை நின்றாள். மூச்சு வாங்குகிறது என்றாள். சந்தோஷம் என்று அவள் நினைத்தாள். நான் அப்படி நினைக்கவில்லை.

திங்கட்கிழமை ஆலிஸ் வீட்டில் மீன் வறுத்த வாசனைக்கு வாந்தி எடுத்தாள். ராயபுரத்தில் பிறந்தவள். வாந்தி எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேறு காரணம் இருக்கலாம் என்று அவளுக்கு ஓர் ஆசை. இருதயம்மாளுக்குக்கூடச் சொல்லிவிட்டாள். செவ்வாய் முழுக்கப் படுத்திருந்தாள். புதன் காலை ஜன்னலில் நின்று லென்ஸை எடுத்தாள். கண்ணில் மஞ்சள். வெயிலில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன். மஞ்சள்தான். அவள் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருவத்தி ரெண்டு" என்றாள்.

முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவள் முன்னால் காட்டினேன். நர்ஸுக்கு விளக்கம் வேண்டாம். கீழிமையை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் கையைப் பார்த்தாள். அன்று மாலைக்குள் வெள்ளைத் திட்டுகள்தான் முதலில் மஞ்சளாயின. மற்றத் தோலில் அவ்வளவு தெரியவில்லை.

இருதயம்மாள் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொண்டுவந்தார். குடித்தாள். வயிற்றில் நிற்கவில்லை. பெரிய வியாழன் அன்று அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இளைஞரான ஒரு டாக்டர் அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டார். வீட்டில் யாருக்காவது காமாலை உண்டா? இல்லை. ரத்தம் ஏற்றியிருக்கிறதா? இல்லை. ஆறு மாதத்துக்குள் ஊசி ஏதாவது? தோலுக்குப் போட்டுக்கொண்டதைச் சொன்னேன்.

"வீட்லயா? கொதிக்க வெச்சீங்களா?"

"வெச்சேன். இருபது நிமிஷம்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

எல்சி கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள். டாக்டர் எழுதினார். லேபர் ரூமில் தினமும் ரத்தத்தில் கை வைக்கிறவர்களுக்கும் வரும், குடிக்கிற தண்ணீரிலும் வரும், இந்த வருஷம் கொருக்குப்பேட்டையில் நிறைய என்றார். எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது என்றும் சொன்னார். அது உண்மை. எனக்கு இன்றுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை பேசினாள். சனிக்கிழமை அதிகம் தூங்கினாள். ஈஸ்டர் அன்று நாள் கிழமை குழம்பியது. சில பேருக்கு ஈரல் இப்படித் திடீரென்று கைவிடும், நூற்றில் ஒருவருக்கு என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னார். மேட்ரன் திங்கட்கிழமை காலை வந்தார். கட்டில் பக்கத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு, உன் இடத்தில் யாரையும் போடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அது எல்சிக்குக் கேட்டதா என்று சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்கான எண்ணெயால் அவஸ்தை பூசினார். நெற்றியில் பூசிவிட்டு உள்ளங்கைகளை விரிக்கச் சொன்னார். அவள் விரிக்கவில்லை. நான்தான் விரித்துப் பிடித்தேன். புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு இறந்தாள்.

கடைசியாக அவள் உதடு அசைந்தது, சேசு மரி சூசை என்று மூன்று பேரையும் சொல்லிவிட்டுத்தான் போனாள் என்று இருதயம்மாள் சொல்கிறார். அடக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் சொன்னார். முப்பதாம் நாள் பூசையில் சாமியாரும் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். நல்ல மரணம் என்றார். நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் நானும் கட்டில் பக்கத்தில்தான் இருந்தேன். உதடு அசைந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் பேசவே இல்லை.

பேசியது திங்கட்கிழமை மாலை. அம்மா காப்பி வாங்கக் கீழே போயிருந்தார். அரை மணி நேரமாக எல்சி தெளிவாக இருந்தாள். தண்ணீர் கேட்டாள். ஸ்பூனில் கொடுத்தேன். இன்று என்ன கிழமை என்று கேட்டாள். திங்கள் என்றேன். தலையை ஆட்டினாள். வலது கை போர்வைக்கு வெளியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். இதற்குப் பிறகு சொல்ல நேரம் இருக்காது என்று எனக்குத் தெரிந்தது.

"எல்சி, போகி அன்னிக்குத் தண்ணி கொதிக்கல. எண்ண தீந்துபோச்சு. ஆச்சுன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"தெரியும்யா. தெரிஞ்சிகினுதான் கைய நீட்டுனேன்."